முப்பத்தியொரு துப்பாக்கிக்கு ஒரே அச்சு

அந்தப் பையை மேஜை மேல வைக்காதீங்க வாத்தியாரே. கீழ வைங்க. உள்ள என்ன இருக்குன்னு நீங்க சொல்லவே வேண்டாம், தூக்கிட்டு வந்த லட்சணத்துலயே தெரியுது. நான் வார்த்துக் கொடுத்த ஈயக்குண்டு. திருப்பிக் கொடுக்க வந்திருக்கீங்க. காலையில இருந்து நீங்க பன்னெண்டாவது ஆளு. மத்தவனெல்லாம் வாசப்படியில வச்சுட்டு, "இன்னாசியண்ணே, செலின் சொல்லுச்சு"ன்னு முனகிட்டு ஓடிட்டான். நீங்க ஒருத்தர்தான் உள்ள வந்திருக்கீங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைகள மிரட்டுன தைரியமா இருக்கும். உக்காருங்க. துப்பாக்கிய அந்த மூலையில சாத்துங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. டீ மட்டும் கேக்காதீங்க, போட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்தவ இப்ப கீழ போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல இருக்கா.

இருக்காளா? நிழல்லயாவது உக்காந்திருக்காளா, வெயில்லயேவா? சரி விடுங்க, எனக்கென்ன.

கூத்தப் பாத்தீங்களா? எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். ஒப்படைச்சோம். ஓட்டு எண்ணி முடிச்சாச்சு, இன்னைக்குத் திருப்பிக் கொடுக்கிறான். கையெழுத்தப் போட்டோமா, துப்பாக்கிய வாங்குனோமா, மலை ஏறுனோமான்னு இருக்கணும். எப்பவும் அப்படித்தான இருந்துச்சு? இந்தத் தடவை என் மக செலின், நான் பெத்த மக, வாசல்ல ஒரு ஸ்டூலப் போட்டு, கையில கவ்வி அளக்குற அந்த வெர்னியர வச்சுக்கிட்டு, வெளிய வர்ற ஒவ்வொரு குழலையும் அளக்குறா. பஸ் ஸ்டாண்டுல எடை பாக்குற மிஷின் வச்சிருக்கிறவன் மாதிரி. போன வாரமே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டா: "எங்கப்பா வார்த்த குண்ட யாரும் போடாதீங்க, துப்பாக்கி வாங்குற அன்னைக்கே கொண்டு போய் அவர் கடையில கொடுத்துருங்க." எங்கப்பான்னுதான் சொன்னாளா, இல்ல இன்னாசின்னு பேரச் சொன்னாளா? எங்கப்பான்னுதானா? ம்.

உங்களுதையும் அளந்திருப்பாளே. என்ன அளவு சொன்னா? வேண்டாம், சொல்லாதீங்க.

அவனும் பக்கத்துல உக்காந்திருக்கானாமே. அமலதாஸ். என் மருமகன். அவ அளக்க அளக்க இவன் நோட்டுல எழுதுறானாம். எழுதட்டும். எழுதுறது வலது கையிலதான, அதுல அஞ்சு விரலும் இருக்கு.

என்ன பாக்குறீங்க? ஆமா, ரெண்டு விரல் போச்சு, இடது கையில. என்னால போச்சுன்னுதான இந்தக் கீழ்மலை பூரா பேசுது? நீங்களும் அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான உக்காந்திருக்கீங்க? பேசாம உக்காந்திருக்கிறவனத்தான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எதுத்துப் பேசினா பதில் சொல்லலாம். சரி, பதில் நானே சொல்றேன், கேட்டுட்டுப் போங்க.

நான் ஆயுதப்படையில இருபத்தேழு வருஷம் ஆர்மரர். ஆர்மரர்னா என்னன்னு இங்க எவனுக்கும் தெரியாது, சும்மா போலீஸுல இருந்தாருன்னு சொல்லுவான். ஐந்நூறு ரைபிள் என் பொறுப்புல. ஐந்நூறுக்கும் ஒரே அளவு தோட்டா. எதுல எடுத்து எதுல போட்டாலும் உக்காரும். அதுக்குப் பேருதான் ஒழுங்கு. ரிட்டயர் ஆகி, ரிப்பேர் லைசென்ஸ் வாங்கி, இங்க வந்து கடையத் தொறந்தா, உங்க துப்பாக்கிகளப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. எல்லாம் வாய்ப்பக்கமா வெடிமருந்து போட்டு இடிக்கிற பழைய காலத்துத் துப்பாக்கி. ஒவ்வொன்னையும் ஒவ்வொரு கொல்லன் அடிச்சிருக்கான், ஒவ்வொன்னும் ஒவ்வொரு அகலம். அதுக்குன்னு வீட்டுக்கு ஒரு குண்டு அச்சு. துப்பாக்கி செஞ்ச அன்னைக்கே கொல்லன் செஞ்சு கொடுத்தது. அத அரிசிப் பானையில வைக்கிறவன் ஒருத்தன், பைபிளுக்குப் பக்கத்துல வைக்கிறவன் ஒருத்தன். "இவரு குண்ட அவரு கேட்டா கொடுக்க முடியாதுண்ணே, சேராது." இது ஒரு பெருமை! மொத்தம் முப்பத்தியொரு துப்பாக்கி, முப்பத்தியொரு அச்சு. பன்னி வந்து வாழையத் தோண்டுறப்ப இவனுங்க அடுப்புல ஈயத்த வச்சு ஊதிக்கிட்டு இருப்பானுங்க.

நான்தான் மாத்தினேன். எல்லாத்துக்கும் ஒரே அச்சு. நானே வார்த்துக் கொடுத்துடுறேன், நீங்க பழைய அச்சுகளக் கொண்டு வாங்கன்னேன். முதல் ஆளா கொண்டு வந்து வச்சவன் யாருங்கறீங்க? அமலதாஸ்தான். "மாமா சொன்னா சரியா இருக்கும், நான் கொடுத்தா மத்தவங்களும் கொடுப்பாங்க"ன்னான். அவன் தாத்தாவோட அச்சு. நல்ல கனம். எல்லாத்தையும் வத்தலக்குண்டுக்குக் கொண்டு போய் பழைய இரும்புக்குப் போட்டேன். இப்ப அதுக்கும் என்னை ஏசுறா. இருந்திருந்தா அளவு பாக்க உதவியிருக்குமாம். துருப்பிடிச்ச இரும்பு வாத்தியாரே. துரு.

அளவு எங்க எடுத்தேன்னு கேக்குறீங்களா? நீங்க கேக்கல, அவ கேட்டா. என் துப்பாக்கியிலதான் எடுத்தேன். வேற எவன் துப்பாக்கியில எடுக்கச் சொல்றீங்க? ஊருலயே ஒழுங்கா வச்சிருக்கிறது அது ஒண்ணுதான். என்னுது கொஞ்சம் ஒடுக்கம், ஒத்துக்கிறேன். அதனாலதான் எடுத்தேன். என்னுதுல நுழையிற குண்டு மத்த முப்பதுலயும் நுழைஞ்சுதான ஆகணும்? இதுல என்ன தப்பு? கணக்கு வாத்தியார்தான நீங்க, சொல்லுங்க.

நுழைஞ்சுச்சு. நீங்களே சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? "இன்னாசி, முன்னெல்லாம் இடிச்சு இடிச்சு தோள்பட்டை போயிரும், இது கிணத்துல கல்லு போட்ட மாதிரி சர்ருன்னு இறங்குதய்யா"ன்னு. இதே நாற்காலியில உக்காந்து சொன்னீங்க. ரெண்டு வருஷம் எல்லாரும் அப்படித்தான் சொன்னான். எவனும் பையத் தூக்கிட்டு வரல.

அப்புறம் ஒருத்தன் வந்தான், குழலுக்குள்ள வெள்ளையா என்னமோ அப்பியிருக்குன்னு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஈயம். பாத்திரத்துக்கு ஈயம் பூசின மாதிரி. அடுத்த மாசம் இன்னும் நாலு பேரு. எனக்குத் தெரியாதா? ஈயம் மெத்துன்னு இருந்தா ஒட்டத்தான் செய்யும். கெட்டியாக்கணும். திண்டுக்கல்ல ஒரு அச்சாபீஸ மூடுறான்னு கேள்விப்பட்டு, அங்க போய் அச்சடிக்கிற ஈய எழுத்தெல்லாம் அள்ளிட்டு வந்தேன். அது சும்மா ஈயம் இல்ல, கெட்டி ஈயம், நகத்தால கீறினா கோடு விழாது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அடிச்ச எழுத்து. அள்ளிப் போட்டுக் காய்ச்சினேன்.

அப்பவும் ஒட்டுச்சு. முன்ன விட ஜாஸ்தியா ஒட்டுச்சு. சரி, பத்தலன்னு இன்னும் கொஞ்சம் எழுத்து சேத்தேன். இன்னும் ஒட்டுச்சு. அதுக்கு நான் என்ன பண்றது? துடைக்கிறானா எவனாவது? சுட்டுட்டு மாட்டுக் கொட்டாயில சாத்தி வைக்கிறான். என் துப்பாக்கியப் பாருங்க, அதே குண்டு, அதே மருந்து, உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பொட்டு ஈயம் கிடையாது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கோளாறு குண்டுல இல்ல, வச்சிருக்கிறவன்கிட்ட.

செலின் அப்ப கோயம்புத்தூர்ல பம்பு கம்பெனியில இருந்து வேலைய விட்டுட்டு வந்திருந்தா. அங்க அவளுக்கு அளக்குற வேலை. வர்ற சாமான் எல்லாத்தையும் வெர்னியர் வச்சு அளந்து, சரியில்லன்னா தூக்கிப் போடணும். அந்தப் பழக்கம் வீட்டுலயும் போகல. நான் வைக்கிற சாம்பாரையும் தூக்கிப் போடுவா. ஒரு நாள் நான் கடையில இல்லாதப்ப ரிப்பேருக்கு வந்த ஒரு குழல எடுத்து, மெத்துன்னு இருக்கிற ஈயக்கட்டி ஒண்ண உள்ள வச்சு, அந்தப் பக்கம் வரைக்கும் தட்டித் தள்ளியிருக்கா. குழலோட அகலம் அப்படியே அந்தக் கட்டியில பதிஞ்சிரும்ல, அத அளந்து, என் குண்டயும் அளந்து, ரெண்டையும் மேஜையில வச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கா.

"அப்பா, இந்தக் குழல் கேக்குற அளவு வேற, நீங்க கொடுக்குற அளவு வேற. சுத்திலும் சந்து விழுது. மருந்து வெடிக்கிறப்ப நெருப்பு அந்தச் சந்து வழியா குண்டத் தாண்டி ஓடுது. ஓடுறப்ப குண்டோட ஓரத்த உருக்கி குழல்ல அப்பிட்டுப் போகுது. ஈயம் மெத்துன்னு இருந்தாலாவது அந்த அழுத்தத்துல விரிஞ்சு சந்த அடைச்சிருக்கும். நீங்க கெட்டியாக்கி அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டீங்க."

கடையில நாலு பேரு இருக்கான் வாத்தியாரே. நாலு பேரு. அவனுங்க முன்னாடி. நான் இருபத்தேழு வருஷம்... சரி, சொன்னேன் அத. வெர்னியர அவ கையில இருந்து தட்டி விட்டேன். தட்டிதான் விட்டேன். அடிச்சேன்னு சொல்லுவா, அடிக்கல. அது போய் பட்டறைக் கல்லுல பட்டு வாய் கோணிப் போச்சு. இப்ப வச்சிருக்கிறது வேற, புதுசு. குனிஞ்சு அந்தப் பழசப் பொறுக்கிக்கிட்டு, "உங்க துப்பாக்கிக்கு மட்டும் பொருந்துறத ஊருக்கே கொடுத்தா எப்படிப்பா"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் இந்தக் கடை வாசப்படி மிதிக்கல. அமலதாஸையும் கூட்டிக்கிட்டு கீழ குடிபோயிட்டா. போகட்டும்னு விட்டேன்.

அவன் மட்டும் வருவான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, அவளுக்குத் தெரியாம. "மாமா, குண்டு தீந்து போச்சு"ம்பான். அவ அவனுக்கு மட்டும் தனியா வார்த்து வச்சிருந்தா, எனக்குத் தெரியும். ஆனாலும் என்கிட்டதான் வாங்குவான். ஒரு தடவை நானே கேட்டேன், ஏண்டா, உன் பொண்டாட்டி கொடுக்கிறது ஆகாதான்னு. "அது இருக்கு மாமா. ஆனா உங்களது போடலன்னா ஊருல என்ன நினைப்பாங்க"ன்னான். பாத்தீங்களா? அந்த மரியாதை. இந்தக் காலத்துல எவன் வீட்டு மருமகன் அப்படிச் சொல்லுவான்? நல்ல பயதான். நான் இல்லைங்கல. ஆனா இடிக்கத் தெரியாது. அதுதான் கோளாறு. அது ஒண்ணுதான்.

தை மாசம், விடிஞ்சும் பனி விலகலை. அவரைத் தோட்டத்துல பன்னி. ஓடிப் போய் மருந்தப் போட்டு, நாரத் திணிச்சு, குண்ட விட்டு இடிச்சிருக்கான். இடிக்கிறதுல ஒரு விஷயம் இருக்கு, உங்களுக்கே தெரியும். கம்பிய உள்ள விட்டுக் குத்தினா அது துள்ளி மேல எகிறணும். எகிறிச்சுன்னா குண்டு அடியில போய் மருந்து மேல உக்காந்திருச்சுன்னு அர்த்தம். எகிறலன்னா நடுவுல எங்கயோ மாட்டியிருக்கு. மருந்துக்கும் குண்டுக்கும் இடையில காலி இடம். அப்படியே சுட்டா குண்டு போகாது, குழல் கிழியும். இவன் பாக்கல. பன்னியப் பாத்தானே ஒழிய கம்பியப் பாக்கல. சுட்டான். குழலப் பிடிச்சிருந்த இடது கை.

உள்ள ஈயம் அப்பி அப்பி வழி குறுகிப் போய் குண்டு மாட்டிக்கிச்சுங்கறது அவளோட கட்சி. அவ பாத்தாளா? யாரு பாத்தா? கிழிஞ்ச குழல போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டான். இன்ஸ்பெக்டர் மரியாதையாத்தான் சொல்லி அனுப்பிச்சாரு, "நீங்க பழைய ஆர்மரர், வந்து பாத்து ரெண்டு வரி எழுதிக் கொடுங்க"ன்னு. முட்டி வலி, மலை இறங்க முடியலன்னு சொல்லிட்டேன். நிஜமாவே வலிதான். வேற யாரோ பாத்து என்னமோ எழுதிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகலன்னு சொல்றானுங்க, போனேன். அவன் கட்டுப் போட்ட கையத் தூக்கிக் கும்பிட வந்தான், "மாமா, நான்தான் சரியா இடிக்கல"ன்னான். அவனே சொன்னான்! கேட்டுக்கோங்க, அவன் வாயால. செலின் பக்கத்துல நின்னா. நான் கொண்டு போன ஆரஞ்சுப் பழத்த எடுத்து அடுத்த கட்டில் ஆளுக்குக் கொடுத்துட்டா. என் கண்ணு முன்னாடி, பையோட.

அன்னையில இருந்துதான் இந்தக் கூத்து. வீடு வீடா. இப்ப ஸ்டேஷன் வாசல்ல ஸ்டூலு. முப்பது துப்பாக்கிக்கும் தனித்தனி அச்சு செய்யப் போறாளாம். மறுபடியும் பழைய குப்பை. என்னை ஊருக்கு முன்னாடி மூக்கறுத்துட்டு அப்புறம் என்ன அச்சு, என்ன அளவு? என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஆங்? சொன்னாளா? எப்ப சொன்னா? அது... அது நாலு பேரு முன்னாடி வாத்தியாரே. தனியாச் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா இல்லையான்னு நீங்க யாரு முடிவு பண்ண?

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. இல்ல, நில்லுங்க. வாங்க பின்னாடி. ரிப்பேர் லைசென்ஸ்ல சோதிச்சுச் சுட அனுமதி இருக்கு எனக்கு, அந்த மண்மேட்டுலதான் சுடுவேன். உங்க துப்பாக்கியிலயே, உங்க பையில இருக்கிற என் குண்டயே போட்டுச் சுட்டுக் காட்டுறேன். ஒரே ஒரு வெடி. கீழ ஸ்டேஷன் வரைக்கும் சத்தம் கேக்கும், அவ காதுலயும் விழட்டும். அளந்தாளே இந்தக் குழல, இந்தச் சத்தத்தயும் அளக்கட்டும்.

கொடுங்க துப்பாக்கிய. கொடுங்கன்னா. டார்ச் எதுக்கு? உள்ள பாக்க வேண்டியதில்ல, நான் பாக்காத குழலா. அந்தா மருந்து. நாரு. இப்ப குண்டு. கையக் காட்டுங்க, வாங்கிப் பாருங்க கனத்த. எவ்வளவு உருண்டை, ஒரு வடு இருக்கா? இப்ப பாருங்க எப்படி இறங்குதுன்னு. சர்ருன்னு... 

இருங்க. கம்பிய எடுக்கிறேன்.

மூணு மாசம் ஸ்டேஷன்ல கிடந்துச்சுல்ல, துருவா இருக்கும். ஈரம். ஒரு தட்டு தட்டினா போயிரும். ம். இன்னொரு தட்டு. தள்ளி நில்லுங்க, கை இடிக்குது. ம்...

எகிறல.

இல்ல, ஒண்ணுமில்ல. நான் ஒண்ணும் சொல்லல. கம்பி பழசு, அதான். வேற கம்பி. இந்தா... ம். ம்.

சரி. சுடலாம். சுட வேண்டியதுதான். கேப்பு வைக்கணும், மருந்தப் பத்த வைக்கிற கேப்பு. கேப் டப்பா எங்க வச்சேன்? மேஜையில இல்லையே. பரண்லயும் இல்ல. எங்க வச்சுத் தொலைச்சேன்... என்ன? பாக்கெட்டுலயா? இதுவா? இது காலி டப்பா. குலுங்குதா? அது சட்டைப் பட்டன் வாத்தியாரே. அறுந்து விழுற பட்டனப் போட்டு வச்சிருக்கேன். தொறந்தெல்லாம் காட்ட முடியாது.

கேப்பு இல்ல, இன்னைக்கு சுட முடியாது. அவ்வளவுதான். துப்பாக்கி இங்க இருக்கட்டும். இழுத்து வெளிய எடுக்க ஒரு நாள் ஆகும்... இல்ல, துடைக்க. துடைச்சு வைக்கிறேன்னு சொன்னேன். நாளைக்கு வாங்க. அதுவரைக்கும் இதத் தொட வேண்டாம், யாரும் தொட வேண்டாம், நான் பாத்துக்கிறேன். பையையும் எடுக்காதீங்க, அங்கயே இருக்கட்டும். மத்த பைங்களோட வைக்கிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க. கீழ இறங்கினா அவ இருப்பா. கையில துப்பாக்கி இல்லன்னா கேப்பா. கேக்க மாட்டா, ஆனா பாப்பா. அவ கேட்டாலும் சரி, அவன் கேட்டாலும் சரி, இன்னாசி சுட்டுக் காட்டினாருன்னு சொல்லுங்க. நேரா மேட்டுல போய் விழுந்துச்சுன்னு சொல்லுங்க. சத்தமே கேக்கலையேம்பா. விடமாட்டா, கண்டிப்பாக் கேப்பா, அளக்குற புத்தி அவளுக்கு. அப்ப, காத்து மலைப் பக்கமா அடிச்சுதும்மான்னு சொல்லுங்க வாத்தியாரே.